கான்ஃபரன்ஸ் பட்டம் என்றால் என்ன? மினசோட்டாவின் சின்னக் கல்லூரி ஃபுட்பாலை வைத்து ஓர் அறிமுகம்

பத்து ஆட்டங்களில் ஒன்பதை ஜெயித்த ஓர் அணிக்கு நவம்பர் நடுவிலேயே சீசன் முடிந்துவிடுகிறது. ஏழு மட்டுமே ஜெயித்த இன்னோர் அணி அடுத்த வாரம் தேசிய பிளேஆஃபில் இறங்குகிறது. அமெரிக்காவின் சின்னக் கல்லூரி ஃபுட்பாலை (கால்பந்து இல்லை, அமெரிக்கன் ஃபுட்பால்) புதிதாகப் பார்க்க ஆரம்பிப்பவர்கள் முதலில் திகைத்து நிற்கும் இடம் இது. அநியாயம் மாதிரித் தோன்றும். ஆனால் அந்த ஏழு வெற்றிகள் யாரிடம் வந்தன, ஒன்பது ஜெயித்தவர்களின் ஒரே தோல்வி யாரிடம் வந்தது என்று கேட்டால் விஷயம் பிடிபட ஆரம்பிக்கும். அதற்கு முதலில் கான்ஃபரன்ஸ் என்ற ஏற்பாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும்.

கான்ஃபரன்ஸ் என்பது சில கல்லூரிகள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம். வருஷா வருஷம் ஒருவரோடு ஒருவர் ஆடுவது, ஒரே விதிகளுக்குக் கட்டுப்படுவது, கடைசியில் தங்களுக்குள் ஒரு சாம்பியனை அறிவிப்பது. மேலிருந்து யாரும் மண்டலம் மண்டலமாகப் பிரித்துக் கொடுப்பதில்லை. கல்லூரிகளே சேர்கின்றன, கல்லூரிகளே பிரிகின்றன. புதியவரைச் சேர்ப்பதும் பழையவரை அனுப்புவதும் அந்தக் கல்லூரித் தலைவர்களின் கையில் இருக்கிறது. கடைசி இடம் பிடித்த அணியைக் கீழ் லீகுக்கு இறக்கும் வழக்கம் ஐரோப்பியக் கால்பந்தில் உண்டு, இங்கே கிடையாது. தொடர்ந்து கடைசியில் வந்துகொண்டிருந்தாலும் உறுப்பினர் உறுப்பினர்தான்.

இந்தக் கட்டுரையில் பெரும்பாலும் ஒரே கான்ஃபரன்ஸை வைத்துப் பேசப் போகிறேன்: எம்ஐஏசி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மினசோட்டா இன்டர்காலேஜியேட் அத்லெடிக் கான்ஃபரன்ஸ். பட்டத்துக்கான போட்டி எப்படி நடக்கும் என்பதற்கு அது நல்ல உதாரணம். அந்தப் போட்டி உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்காக ஒரு கான்ஃபரன்ஸ் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கோ அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

ஆட்டத்தைப் பற்றி நாலு வரி

அமெரிக்கன் ஃபுட்பாலில் பக்கத்துக்கு 11 பேர். பந்து கையில் இருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் 10 கெஜம் முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு. இப்படி நகர்ந்து நகர்ந்து எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோனால் டச்டவுன், 6 புள்ளி. அதற்குமேல் ஒன்றோ இரண்டோ கூடுதலாக எடுக்க ஒரு வாய்ப்பு உண்டு. கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஃபீல்டு கோல், 3 புள்ளி. ஆட்ட நேரம் 60 நிமிஷம். 1996-லிருந்து கல்லூரி ஃபுட்பாலில் டிரா கிடையாது. சமனானால் கூடுதல் நேரம் ஆடி முடிவு கண்டாக வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் மனதில் வையுங்கள், பட்டியல் பார்க்கும்போது உதவும். இந்தக் கட்டுரைக்கு ஆட்டத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும்.

டிவிஷன் 3 எனும் உலகம்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பு என்சிஏஏ. 1973-ல் அது தன் உறுப்பினர்களை மூன்று டிவிஷன்களாகப் பிரித்தது. தொலைக்காட்சியில் லட்சம் பேர் அமர்ந்த மைதானங்களோடு தெரிவது டிவிஷன் 1. நாம் பேசுவது டிவிஷன் 3. கல்லூரிகளின் எண்ணிக்கையில் இதுதான் மூன்றிலும் பெரியது. ஃபுட்பால் ஆடும் கல்லூரிகள் மட்டுமே ஏறத்தாழ 240.

டிவிஷன் 3-ன் அடிப்படை விதி ஒன்றுதான்: விளையாட்டுத் திறமைக்காக உதவித்தொகை கொடுக்கக் கூடாது. குடும்ப வருமானத்தைப் பார்த்தோ, படிப்பில் எடுத்த மதிப்பெண்ணைப் பார்த்தோ கட்டணத்தில் சலுகை தரலாம். பந்தை நன்றாக எறிகிறான் என்பதற்காகத் தர முடியாது. ஆகவே சனிக்கிழமை மதியம் களத்தில் இறங்கும் பையன்கள், மற்ற மாணவர்களைப் போலவே கட்டணம் கட்டிப் படிப்பவர்கள். திங்கட்கிழமை வேதியியல் ஆய்வகத்துக்குப் போக வேண்டியவர்கள். இவர்களில் தொழில்முறை ஆட்டத்துக்குப் போகிறவர்கள் மிக மிகச் சிலர். விஸ்கான்சின்-வைட்வாட்டர் பல்கலைக்கழகத்தில் ஆடிய குவின் மைனர்ஸை 2021-ல் டென்வர் பிராங்கோஸ் என்ற தொழில்முறை அணி, புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் மூன்றாம் சுற்றில் எடுத்தது. இந்த வட்டாரத்தில் அது பெரிய செய்தி, ஏனென்றால் அடிக்கடி நடக்காது.

இங்கே கல்லூரியின் பணக் கணக்கும் ஒன்று இருக்கிறது. 2,000 மாணவர்கள் படிக்கும் ஒரு தனியார் கல்லூரியில் ஃபுட்பால் அணியில் மட்டும் நூறு பேருக்கு மேல் இருப்பது சாதாரணம். அத்தனை பேரும் ஆடப்போவதில்லை. ஆனால் அத்தனை பேரும் ஆட வேண்டும் என்ற ஆசையில்தான் அந்தக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்து, கட்டணம் கட்டிச் சேர்ந்திருக்கிறார்கள். மாணவர் சேர்க்கை குறைந்துவரும் காலத்தில் ஒரு சின்னக் கல்லூரிக்கு இது சின்ன விஷயம் இல்லை. தோற்றுக்கொண்டே இருக்கும் அணியைக்கூடக் கல்லூரிகள் லேசில் கலைக்காததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கான்ஃபரன்ஸில் யார் யார்

எம்ஐஏசி 1920-ல் ஏழு கல்லூரிகளோடு தொடங்கியது: கார்ல்டன், கஸ்டேவஸ் அடால்ஃபஸ், ஹாம்லின், மக்காலஸ்டர், செயின்ட் ஜான்ஸ், செயின்ட் ஓலாஃப், செயின்ட் தாமஸ். எல்லாம் தனியார் கல்லூரிகள், பலவும் ஏதாவது ஒரு கிறிஸ்தவ சபை தொடங்கியவை. பிற்பாடு அகஸ்பர்க், கன்கார்டியா, பெத்தல் போன்றவை சேர்ந்தன. பெரும்பாலானவை ஒரு பேருந்துப் பயணத்தில் போய் ஆடிவிட்டு அன்றிரவே திரும்பிவிடக்கூடிய தூரத்தில் இருக்கின்றன. கார்ல்டனும் செயின்ட் ஓலாஃபும் நார்த்ஃபீல்டு என்ற ஒரே ஊரில் இருக்கின்றன.

இந்த நெருக்கத்தால்தான் கான்ஃபரன்ஸ் ஆட்டத்துக்கு வேறு எந்த ஆட்டத்துக்கும் இல்லாத கனம் வருகிறது. அண்ணன் ஒரு கல்லூரியில், தம்பி எதிர்க் கல்லூரியில் ஆடுவது உண்டு. பள்ளியில் ஒரே அணியில் ஆடியவர்கள் இங்கே எதிரெதிரே நிற்பார்கள். அப்பாவும் இதே களத்தில் ஆடியிருப்பார். தேசியப் பட்டம் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கலாம். பக்கத்து ஊர்க் கல்லூரியை இந்த வருஷம் ஜெயித்தோமா இல்லையா என்பது மட்டும் அடுத்த நவம்பர் வரை பேச்சில் இருந்துகொண்டே இருக்கும்.

இந்தக் கான்ஃபரன்ஸின் பெயரை நாடு முழுக்கக் கொண்டுபோனவர் செயின்ட் ஜான்ஸின் பயிற்சியாளர் ஜான் கலியார்டி. 1953-ல் காலேஜ்வில் என்ற அந்தச் சிற்றூருக்கு வந்தார். 2012 வரை 60 சீசன்கள் அங்கேயே இருந்தார். மொத்தம் 489 வெற்றிகள். கல்லூரி ஃபுட்பாலில் எந்த டிவிஷனிலும், எந்தப் பயிற்சியாளரும் அவ்வளவு ஜெயித்ததில்லை. அவர் நடத்திய பயிற்சியில் ஒருவரை ஒருவர் கீழே தள்ளும் டாக்கிள் கிடையாது, விசில் கிடையாது. 'கோச்' என்று கூப்பிடக் கூடாது, 'ஜான்' என்றால் போதும். முரட்டுத்தனத்துக்குப் பெயர்போன ஓர் ஆட்டத்தில், பையன்களைப் பயிற்சியில் அடிபட விடாமல் காத்து, சனிக்கிழமை தோறும் ஜெயித்துக் காட்டிய மனிதர் அவர். 1963, 1965, 1976, 2003 என நான்கு தேசியப் பட்டங்கள். டிவிஷன் 3-ன் சிறந்த ஆட்டக்காரருக்கு வருஷந்தோறும் கொடுக்கும் கோப்பை அவர் பெயரில்தான் இருக்கிறது. உதவித்தொகை இல்லாத உலகத்திலும் ஆட்டம் இவ்வளவு உயரலாம் என்பதற்கு எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவர்தான்.

பட்டியலைப் படிப்பது எப்படி

டிவிஷன் 3-ல் ஓர் அணிக்கு வழக்கமான சீசனில் 10 ஆட்டங்கள். செப்டம்பர் முதலில் ஆரம்பித்து நவம்பர் நடுவில் முடியும். இதில் கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள் போக மீதி இரண்டோ மூன்றோ வெளி ஆட்டங்கள், அதாவது கான்ஃபரன்ஸில் இல்லாத அணிகளோடு ஆடுபவை. பட்டியலில் ஒவ்வொரு அணிக்கும் இரண்டு கணக்கு இருக்கும்: கான்ஃபரன்ஸ் கணக்கு, மொத்தக் கணக்கு. '7-1, 9-1' என்று போட்டிருந்தால் கான்ஃபரன்ஸில் ஏழு வெற்றி ஒரு தோல்வி, மொத்தத்தில் ஒன்பது வெற்றி ஒரு தோல்வி என்று அர்த்தம். பட்டம் யாருக்கு என்பதை முதல் கணக்கு மட்டுமே தீர்மானிக்கிறது. செப்டம்பரில் இரண்டு வெளி ஆட்டத்தையும் தோற்ற அணி, கான்ஃபரன்ஸில் எல்லாவற்றையும் ஜெயித்து சாம்பியன் ஆகலாம். முதல் பத்தியில் சொன்ன புதிரில் பாதி இங்கேயே அவிழ்ந்துவிடும்.

நமக்குப் பழக்கமான ஐபிஎல் பட்டியலோடு ஒப்பிட்டால் வித்தியாசம் சட்டென்று தெரியும். அங்கே வெற்றிக்கு இரண்டு புள்ளி, சமமாக நின்றால் நெட் ரன் ரேட். இங்கே புள்ளி என்ற பேச்சே இல்லை, டிராவும் இல்லை. வெற்றி, தோல்வி மட்டும். 50 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தாலும் ஒன்றுதான், ஒரு புள்ளியில் ஜெயித்தாலும் ஒன்றுதான்.

அப்படியானால் இரண்டு அணிகள் சமமாக முடித்தால்? பட்டத்தை இருவரும் பகிர்ந்துகொள்வது வழக்கம். இருவர் பெயரும் சாம்பியன் பட்டியலில் ஏறும். ஆனால் பிளேஆஃபுக்கு நேரடி இடம் ஒன்றுதான், அதைப் பகிர முடியாது. அங்கே முதலில் பார்ப்பது, இருவரும் மோதியபோது யார் ஜெயித்தார் என்பதை. இரண்டு பேர் என்றால் எளிது. மூன்று பேர் சமமாக நின்றால்தான் தலைவலி. அ அணி ஆ-வை ஜெயிக்கிறது, ஆ அணி இ-யை, இ அணி அ-வை. மூவருக்கும் ஒவ்வொரு தோல்வி. நேருக்கு நேர் கணக்கு எதையும் சொல்லாது. அப்போது ஒவ்வொரு கான்ஃபரன்ஸும் எழுதி வைத்திருக்கும் அடுத்தடுத்த விதிகளுக்குப் போக வேண்டும். அக்டோபர் கடைசியில் ரசிகர்கள் இரண்டு பேர் சந்தித்தால் இதைத்தான் பேசுவார்கள்: 'நாங்கள் இவர்களை ஜெயித்து, அவர்கள் அவர்களிடம் தோற்றால்…' என்று ஆரம்பித்து, கடைசி வாரம் வரைக்கும் உள்ள எல்லாச் சாத்தியத்தையும் அலசித் தீர்ப்பார்கள். தன் அணி ஜெயித்தால் மட்டும் போதாது, தான் வெறுக்கும் அணியும் ஒரு வாரம் ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் நிலைமை வரும்.

ஏழு எட்டு ஆட்டங்கள்தான் என்பதால் ஒரு தோல்விக்கே இவ்வளவு எடை. தொழில்முறை அணி ஒரு வாரம் தடுமாறினால் அடுத்த வாரம் சரிசெய்துகொள்ளும். இங்கே அக்டோபர் முதல் சனிக்கிழமை முதன்மையான ஆட்டக்காரருக்குக் கணுக்கால் பிசகினால், அதோடு வருஷமே போய்விடலாம்.

பட்டத்துக்கு என்ன பலன்

பெருமை ஒரு பக்கம் இருக்கட்டும். கான்ஃபரன்ஸ் சாம்பியனுக்கு டிவிஷன் 3 தேசிய பிளேஆஃபில் தானாக ஓர் இடம் கிடைக்கிறது. பெரும்பாலான கான்ஃபரன்ஸ்களுக்கு இப்படி ஒவ்வோர் இடம் உண்டு. யாருடைய தயவும் தேவையில்லை, ஜெயித்தால் உள்ளே. மிச்சமிருக்கும் சில இடங்களுக்கு, பட்டத்தைத் தவறவிட்ட நல்ல அணிகளிலிருந்து தேர்வு நடக்கும். பிளேஆஃபில் 2005-லிருந்து 32 அணிகள் ஆடின. 2024-ல் அது 40 ஆனது. அதே வருஷம் தேர்வு முறையும் மாறியது. முன்பு ஒரு குழு உட்கார்ந்து விவாதித்துத் தேர்ந்தெடுத்தது. இப்போது என்பிஐ என்ற கணக்கீடு இருக்கிறது: எத்தனை ஜெயித்தாய், யாரோடு ஆடினாய், பலமான அணியை ஜெயித்தாயா என்பதையெல்லாம் சேர்த்து ஓர் எண் வரும்.

இதனால் ரசிகர்களின் பேச்சும் மாறியிருக்கிறது. முன்பு 'குழுவில் இருப்பவர்களுக்கு நம் பகுதி தெரியாது' என்று குறைபட்டுக்கொண்டார்கள். இப்போது சனிக்கிழமை இரவே கணக்குப் போட உட்கார்ந்துவிடுகிறார்கள். செப்டம்பரில் தோற்ற ஒரு வெளி ஆட்டம், அந்த எதிரணி பிறகு தொடர்ந்து ஜெயித்தால், நவம்பரில் அவ்வளவு கெட்ட தோல்வியாகத் தெரியாது. ஆகவே தன் அணியை ஜெயித்தவர்களையே ரசிகர்கள் சீசன் முழுக்க ஆதரிக்க வேண்டியிருக்கிறது. குழுவின் விவாதத்தைவிட இந்தக் கணக்கு நேர்மையானது என்பது என் எண்ணம். எல்லோருக்கும் ஒரே அளவுகோல், வெளிப்படையாகத் தெரிகிறது.

நேரடி இடம், தேர்வு இடம் இரண்டுக்கும் உள்ள உறவைப் புரிந்துகொள்ள 2016-ல் ஒஹையோவில் நடந்ததைப் பாருங்கள். 1902-ல் தொடங்கிய ஒஹையோ அத்லெடிக் கான்ஃபரன்ஸில் மவுண்ட் யூனியன் என்ற கல்லூரி 24 வருஷம் தொடர்ச்சியாகப் பட்டத்தை வைத்திருந்தது. வழக்கமான சீசனில் 112 ஆட்டங்கள் தொடர்ந்து தோற்காமல் ஆடிவந்தது. அந்த வருஷம் கடைசி சனிக்கிழமை ஜான் கரோல் அணி அவர்களை 31-28 என்று ஜெயித்தது. நேரடி இடம் ஜான் கரோலுக்குப் போனது. மவுண்ட் யூனியன் தேர்வு இடத்தில் உள்ளே வந்தது. அப்புறம் நடந்ததுதான் அழகு: இரண்டு அணிகளும் அரையிறுதி வரை போயின. இரண்டாம் இடம் என்பது தகுதிக் குறைவு இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

தேசிய இறுதி ஆட்டத்துக்கு ஸ்டாக் போல் என்று பெயர். அமோஸ் அலோன்சோ ஸ்டாக் என்ற பழைய பயிற்சியாளரின் நினைவாக வைத்தது. 2005 முதல் 2011 வரை ஏழு வருஷமும் அந்த இறுதியில் மோதியவை இதே மவுண்ட் யூனியனும் விஸ்கான்சின்-வைட்வாட்டரும்தான். வைட்வாட்டர் இருக்கும் விஸ்கான்சின் கான்ஃபரன்ஸில் ஃபுட்பால் ஆடும் எட்டும் மாநிலப் பல்கலைக்கழகங்கள். ஒருவரை ஒருவர் விடாமல் எல்லோரும் மோதுகிறார்கள், 28 ஆட்டங்கள். டிவிஷன் 3-ல் மிகக் கடினமான கான்ஃபரன்ஸ் என்று பலரும் சொல்வது அதைத்தான். அங்கே இரண்டு தோல்வியோடு முடித்த அணிக்கும், எளிய கான்ஃபரன்ஸில் தோல்வியே இல்லாமல் முடித்த அணிக்கும் இடையே யார் பெரியவர் என்ற வாக்குவாதம் வருஷா வருஷம் வரும். என்பிஐ வந்த பிறகும் அது ஓயவில்லை.

ஒருவரே ஜெயித்துக்கொண்டிருந்தால்

ஒஹையோ கதையில் ஒரு சங்கடமும் இருக்கிறது. 24 வருஷம் ஒரே அணி ஜெயித்தால் மற்றவர்களுக்குப் பட்டப் போட்டி என்று ஒன்று இருந்ததா? உண்மையில் அவர்கள் இரண்டாம் இடத்துக்குத்தான் ஆடினார்கள். ஆனாலும் ஒஹையோ அதைப் பொறுத்துக்கொண்டது. மினசோட்டா பொறுக்கவில்லை.

செயின்ட் தாமஸ், எம்ஐஏசியைத் தொடங்கிய ஏழு கல்லூரிகளில் ஒன்று. செயின்ட் பால் நகரத்தில் இருக்கிறது. காலப்போக்கில் அது மற்றவர்களைவிட மிகப் பெரிதாக வளர்ந்துவிட்டது. மற்ற கல்லூரிகளில் பெரும்பாலும் 2,000 முதல் 3,000 மாணவர்கள்; செயின்ட் தாமஸில் இளங்கலை மாணவர்கள் மட்டும் 6,000-க்கு மேல். ஃபுட்பாலில் 2012-லும் 2015-லும் ஸ்டாக் போல் வரை போனார்கள். மற்ற விளையாட்டுகளிலும் அவர்கள் கைதான் ஓங்கியிருந்தது. 2017-ல் செயின்ட் ஓலாஃபை 97-0 என்று ஜெயித்தார்கள். அந்த எண்ணைப் பார்த்த பிறகு யாராலும் சும்மா இருக்க முடியவில்லை.

2019 மே மாதம் கான்ஃபரன்ஸ் ஓர் அறிவிப்பு வெளியிட்டது: செயின்ட் தாமஸ் விலக்கப்படுகிறது. முக்கியக் காரணம், போட்டியில் சமநிலை இல்லாமை. எந்த விதிமீறலும் இல்லை, எந்த ஊழலும் இல்லை. மிக நன்றாக ஆடியதும் மிகப் பெரிதாக வளர்ந்ததும்தான் விஷயம். ஒரு நூற்றாண்டு கூட இருந்த உறுப்பினரை, நிறுவியவர்களில் ஒருவரை, வெளியே அனுப்பினார்கள். செயின்ட் தாமஸ் 2021-ல் நேராக டிவிஷன் 1-க்குப் போனது. நவீன காலத்தில் டிவிஷன் 3-லிருந்து நேரடியாக அங்கே தாவிய முதல் கல்லூரி அதுதான்.

இது சரியா தவறா என்று இன்றும் வாதிடுகிறார்கள். எனக்குக் கல்லூரித் தலைவர்கள் பக்கமே நியாயம் கூடுதலாகத் தெரிகிறது. கான்ஃபரன்ஸ் என்பதே சமமானவர்கள் செய்துகொண்ட ஒப்பந்தம். அந்தச் சமம் போனபின் ஒப்பந்தத்தில் என்ன மிச்சம்? செயின்ட் ஓலாஃபில் கட்டணம் கட்டிப் படித்துக்கொண்டு, வாரம் முழுக்கப் பயிற்சி செய்துவிட்டு, 97-0 என்ற பலகையின் கீழே நின்ற பையன்களை நினைத்துப் பார்க்க வேண்டும். உடம்பளவிலும் அது ஆபத்து; எடையிலும் வேகத்திலும் அவ்வளவு வித்தியாசம் உள்ளவர்கள் மோதினால் அடிபடுவார்கள்.

ஆனால் இழப்பு பெரிது, அதையும் சொல்லியாக வேண்டும். செயின்ட் ஜான்ஸும் செயின்ட் தாமஸும் முதலில் மோதியது 1901-ல். இரண்டும் கத்தோலிக்கக் கல்லூரிகள். ஒன்று காட்டுக்கு நடுவே, மற்றொன்று நகரத்தில். ஜானீஸ், டாமீஸ் என்றால் மினசோட்டாவில் எல்லோருக்கும் தெரியும். 2017-ல் பேஸ்பால் அணியான ட்வின்ஸின் மைதானத்தில் அவர்கள் மோதியபோது 37,355 பேர் வந்தார்கள். டிவிஷன் 3 அதுவரை காணாத கூட்டம். 2019-ல் கோர்ட்லண்ட், இத்தாக்கா அணிகள் நியூ ஜெர்சியில் ஆடியபோதுதான் அந்தச் சாதனை உடைந்தது. அந்த மாதிரி ஒரு பகையைத் திட்டம் போட்டு உருவாக்க முடியாது. நூறு வருஷம் ஆக வேண்டும். கான்ஃபரன்ஸை விட்டுச் செயின்ட் தாமஸ் போனபோது வருஷாந்திர மோதலும் அதோடு போயிற்று.

2021-க்குப் பிறகு

செயின்ட் தாமஸ் போன அதே வருஷம் இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். டுலூத் நகரத்தின் செயின்ட் ஸ்கொலாஸ்டிகா ஒன்று. மற்றது மக்காலஸ்டர். இந்த மக்காலஸ்டரின் கதை தனி. நிறுவன உறுப்பினரான அவர்கள் 1974-லிருந்து 1980 வரை தொடர்ச்சியாக 50 ஆட்டங்கள் தோற்றவர்கள். பிற்பாடு 2001 சீசனோடு ஃபுட்பாலை மட்டும் இந்தக் கான்ஃபரன்ஸிலிருந்து விலக்கிக்கொண்டார்கள், மற்ற விளையாட்டுகளில் தொடர்ந்தார்கள். தங்களுக்குச் சமமானவர்களைத் தேடிச் சில வருஷம் ஆடிவிட்டு, இருபது வருஷம் கழித்துத் திரும்பினார்கள். மிகப் பலமானவரும் மிகப் பலவீனமானவரும் ஒரே கான்ஃபரன்ஸிலிருந்து வெளியேறியதற்குக் காரணம் ஒன்றே: சமமான ஆட்டம் வேண்டும்.

இப்போது ஃபுட்பால் ஆடும் அணிகள் பத்து. ஒன்பது அணிகளாக இருந்தபோது ஆளுக்கு எட்டு ஆட்டம், எல்லோரும் எல்லோரோடும் ஆடிவிடலாம். பத்து என்றால் ஒன்பது ஆட்டம் வேண்டும்; வெளி ஆட்டத்துக்கு ஒரே ஓர் இடம்தான் மிஞ்சும். வெளி ஆட்டம் குறைந்தால் கான்ஃபரன்ஸின் பலத்தை மற்றவர்களோடு ஒப்பிட வழியில்லை, தேர்வு இடத்துக்கான கணக்கு அடிபடும். ஆகவே 2021-லிருந்து நார்த்வுட்ஸ், ஸ்கைலைன் என்று ஐந்தைந்தாகப் பிரித்தார்கள். தன் பிரிவில் எல்லோரோடும், எதிர்ப் பிரிவில் சிலரோடும் ஆட வேண்டும். கடைசி வாரத்தில் இரண்டு பிரிவுகளின் முதலிடங்களும் பட்டத்துக்காக மோதும். இரண்டாம் இடம் இரண்டாம் இடத்தோடு, இப்படியே கடைசி வரை.

இந்த மாற்றத்தில் எனக்குப் பிடித்தது முதலிடங்கள் மோதும் ஆட்டம் இல்லை, கீழே உள்ள ஆட்டங்கள்தான். ஒரே ஒரு வெற்றியோடு இருக்கும் அணிக்கும் கடைசி சனிக்கிழமை தன் அளவுக்கு ஒத்த எதிரணி கிடைக்கிறது. நான்காம் வருஷ மாணவனுக்கு அதுதான் வாழ்க்கையில் கடைசி ஆட்டமாக இருக்கும். அதில் ஜெயிக்க ஒரு நியாயமான வாய்ப்பு இருப்பது நல்லது. இதில் குறையும் உண்டு: சீசன் முழுக்கத் தோற்காத அணி கடைசி வாரம் ஒரே ஒரு தடவை சறுக்கினால் நேரடி இடம் போய்விடும். பழைய முறையில் அதே அணி ஒரு தோல்வியோடு பட்டத்தைப் பகிர்ந்துகொண்டிருக்கும். தூய்மை வேண்டும் என்பவர்கள் எல்லோரும் எல்லோரோடும் ஆடும் முறையே சிறந்தது என்பார்கள். நானும் அப்படித்தான் நினைப்பேன், பத்து அணிகள் என்ற கணக்கு மட்டும் குறுக்கே வராமல் இருந்தால்.

புதிதாகப் பார்க்கப் போகிறவருக்கு

பட்டத்துக்கு வெளியேயும் ஆட்டங்கள் இருக்கின்றன. நார்த்ஃபீல்டில் கார்ல்டனும் செயின்ட் ஓலாஃபும் மோதும்போது, பெரும்பாலான வருஷங்களில் இருவருமே பட்டப் போட்டியில் இருப்பதில்லை. ஆனாலும் ஆடு உருவம் கொண்ட ஒரு கோப்பைக்காக உயிரைக் கொடுத்து ஆடுகிறார்கள். இந்த இரண்டு கல்லூரிகளும் 1977-ல் ஒரு காரியம் செய்தன. அமெரிக்கா மெட்ரிக் முறைக்கு மாறுவதா என்று பேசிக்கொண்டிருந்த காலம். கெஜத்தை விட்டுவிட்டு 100 மீட்டர் களம் வரைந்து, மீட்டர் கணக்கில் ஒரு முழு ஆட்டம் ஆடிவிட்டார்கள். செயின்ட் ஓலாஃப் 43-0 என்று ஜெயித்தது.

முதல் முறை ஒரு கான்ஃபரன்ஸைப் பின்தொடர நினைத்தால் செப்டம்பர் முதல் வாரமே கணக்கில் இறங்காதீர்கள். வெளி ஆட்டங்களில் யார் எப்படி ஆடினார்கள் என்பதை மேலோட்டமாகப் பார்த்து வையுங்கள். இரண்டு வாரத்துக்குள் யார் தற்காப்பில் பலம், யாருக்குப் பந்து எறிபவர் புதியவர் என்பது தெரிந்துவிடும். கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள் ஆரம்பித்ததும் தோல்விப் பத்தியை மட்டும் கவனியுங்கள். வெற்றிகளின் எண்ணிக்கை ஓய்வு வாரங்களால் மேலும் கீழுமாகத் தெரியும்; தோல்வி ஏமாற்றாது. அக்டோபர் நடுவில் தோல்வி இல்லாமலோ ஒரே தோல்வியோடோ நிற்கும் அணிகளை எழுதிக்கொண்டு, அவர்கள் ஒருவரோடு ஒருவர் எப்போது மோதுகிறார்கள் என்று அட்டவணையில் தேடுங்கள். அந்த இரண்டு மூன்று தேதிகள்தான் உங்கள் சீசன். அவை பெரும்பாலும் மதியம் ஒரு மணிக்கு ஆரம்பிக்கும், அதாவது நமக்கு இரவு பதினொன்றரை. நவம்பரில் அங்கே கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளிய பிறகு பன்னிரண்டரை. பல கல்லூரிகள் தங்கள் ஆட்டத்தை இணையத்தில் நேரலையாகக் காட்டுகின்றன. விழித்திருக்க முடிந்தால் கடைசி சனிக்கிழமையைத் தேர்ந்தெடுங்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை 40 பெயர்கள் அறிவிக்கப்படும். அதில் உங்கள் கான்ஃபரன்ஸிலிருந்து ஒரு பெயரா இரண்டு பெயரா என்பதை அதற்கு முன்பே நீங்களே கணக்குப் போட்டுச் சொல்ல முடியும்.